வடையோடு காக்கா பறக்க எத்தனை போட்டோ?

கல்லூரி வீடியோ ப்ராஜெக்டுக்கு அனிமேஷன் வேண்டும், ஆனால் படம் வரைய வராது, நல்ல கம்ப்யூட்டரும் இல்லை. அப்படியென்றால் காகிதத்தை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு போட்டோ எடுத்து வீடியோவாக ஓட்டும் ஸ்டாப் மோஷன்தான் உங்களுக்குச் சரி. போன் ஒன்று போதும். பாட்டி வடை சுட்ட கதையில் ஒரே ஒரு காட்சி எடுப்போம்: காக்கா வடையோடு பறந்து வந்து உட்காருகிறது, வாயைத் திறக்கிறது, வடை விழுகிறது. முழுக்கதைக்கு இப்போதே ஆசைப்பட வேண்டாம். நொடிக்கு 12 போட்டோ என்றால் 20 நொடிக்கே 240 ஆகிவிடும்.

படி 1: காசை ஓட்டுங்கள்

காக்காவை நகர்த்துவதற்கு முன்னால் ஒரு ஐந்து ரூபாய்க் காசில் பழகுவோம். மேசையில் 24 செ.மீ. தூரத்தை ஒரே நொடியில் அது கடக்க வேண்டும். முதலில் 12 முறையும் 2 செ.மீ. வீதம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு போட்டோ எடுங்கள். ஓட்டிப் பார்த்தால் காசை யாரோ கயிறு கட்டி இழுப்பது போலிருக்கும்.

இப்போது இடைவெளியை மாற்றுங்கள்: 0.5, 1, 1.5, 2.5, 3, 3.5 செ.மீ. என்று கூட்டிக்கொண்டே போய், அப்புறம் 3.5, 3, 2.5, 1.5, 1, 0.5 என்று குறையுங்கள். அதே 24 செ.மீ., அதே ஒரு நொடி. ஆனால் காசு தானாகக் கிளம்பித் தானாக நின்றது போல் தெரியும். இதைச் செய்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: போனைக் கட்டிப்போடுங்கள்

ஸ்டூலின் ஓரத்தில் கேமரா மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி போனை வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்று. கீழே தரையில் சார்ட் பேப்பர். போட்டோ எடுக்கும்போது போனைத் தொட்டால் அசையும். இரண்டு நொடி டைமர் வையுங்கள். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற ஆப்பில் முந்தைய படம் மங்கலாகத் தெரியும் என்பதால் எவ்வளவு நகர்த்தினோம் என்று குழம்ப வேண்டியதில்லை.

படி 3: ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள்

நான் முதன்முதலில் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எடுத்தேன். மதியம் ஓட்டிப் பார்த்தால், காக்காவைவிட ஜன்னல் கம்பியின் நிழல்தான் அழகாக நகர்ந்திருந்தது! மின்விளக்கு மட்டும் போதும். கேமராவில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்), ஃபோகஸ் மூன்றும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள், ஷட்டர் வேகம் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகத்தில் விளக்கின் துடிப்பு படத்தில் தெரியாது. ஃபேனை ஏன் நிறுத்த வேண்டும் என்பது முதல் இறக்கை பறந்து கட்டிலுக்கு அடியில் போனதும் புரியும்.

படி 4: காக்காவை வெட்டுங்கள்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் சரியான கனம். உடல், இறக்கை, கீழ் அலகு மூன்றையும் தனித்தனியாக வெட்டிக் கறுப்படித்து, பின்பக்கம் நூல் கோத்து முடிச்சுப் போடுங்கள். நிழலுருவம் போதும், கண் மூக்கு தேவையில்லை. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் இப்படிக் கறுப்பு அட்டை உருவங்களை நகர்த்தியே ஒரு முழுநீளப் படம் எடுத்து 1926இல் வெளியிட்டார்.

படி 5: பறக்கட்டும்

இறக்கை மேலே, நடுவே, கீழே, மறுபடி நடுவே. நாலு போட்டோவில் ஒரு சிறகடிப்பு, நொடிக்கு மூன்று சிறகடிப்பு. இறக்கை கீழே அடிக்கும்போது உடலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், மேலே போகும்போது இறக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் காக்கா கம்பியில் சறுக்குவது போலிருக்கும்.

வடை விழுவதற்கு 1, 3, 5, 7 செ.மீ. என்று இடைவெளியைக் கூட்டுங்கள். காற்று பெரிதாகத் தடுக்காவிட்டால், கையை விட்டதும் கீழே விழும் எந்தப் பொருளும் சம நேரங்களில் கடக்கும் தூரம் இந்த விகிதத்தில்தான் கூடும். ஒரேயளவாக இறக்கினால் வடை அப்பளம் போல மிதக்கும்.

படி 6: சத்தம்

அம்மா அடுத்த முறை வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டிக்குச் சற்றுத் தள்ளி நின்று போனில் பதிவு செய்யுங்கள். தட்டில் வடை விழும் சத்தத்தையும் அங்கேயே எடுத்துவிடலாம். ஒரு வடை உங்களுக்கு.