வேல்ஸ்ல ஒரு தண்ணில மீன் பிடிக்கிற உரிமை யாருது? பழைய மேனர் ரெக்கார்டை வச்சு தேடுறது எப்படி

எங்க மீன்பிடி கிளப் ரொம்ப சின்னது. சுவான்சீ பக்கத்துல கடல் தண்ணி ஏறி இறங்குற ஒரு முகத்துவாரத்துல ஞாயித்துக்கிழமை தூண்டில் போடுற முப்பது முப்பத்தஞ்சு பேர், அவ்வளவு தான். ரெண்டு வருஷம் முன்னாடி எங்களுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு, இந்த மேனரோட பிரபு பட்டத்தை நான் விலைக்கு வாங்கிட்டேன், இந்தத் தண்ணில மீன் பிடிக்கிற தனி உரிமை பட்டத்தோட சேர்ந்தது, இனிமே வருஷா வருஷம் பணம் கட்டிட்டு தான் பிடிக்கணும்னு. எங்க செக்ரட்டரி பெரியவருக்கு எழுபது வயசு தாண்டிருச்சு, அவங்க தாத்தா காலத்துலேருந்து அதே இடம். லெட்டரைப் படிச்சிட்டு அன்னைக்கு பூரா அவர் யார்கிட்டயும் பேசல. அதுக்கப்புறம் எட்டு மாசம் சனிக்கிழமை எல்லாம் எனக்கு ஆர்கைவ்ல தான் போச்சு. இதே மாதிரி லெட்டர் வந்து முழிச்சிட்டு இருக்கறவங்களுக்காக இதை எழுதுறேன்.

மேனர்னா நம்ம ஜமீன் மாதிரி ஒண்ணுன்னு இப்போதைக்கு வச்சுக்கோங்க. நிலம், குத்தகை, அதுக்குன்னு ஒரு சின்ன கோர்ட், எல்லாத்துக்கும் மேல ஒரு பிரபு.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். ராஜா முத்திரை போட்ட பெரிய சாசனத்தைத் தேடி அலையாதீங்க, நான் ரெண்டு மாசம் அப்படித்தான் அலைஞ்சேன். உரிமை இருந்துச்சா இல்லையா, எதுவரைக்கும் இருந்துச்சுங்கிறதை காட்டுறது சின்னச் சின்ன வரிகள் தான், மூணு பென்ஸ் அபராதம், வருஷ வாடகை, மீன் பிடிக்க ஆத்துல கட்டின அடைப்பு இடிஞ்சு கிடக்குன்னு ஒரு புகார், இதெல்லாம் வருஷக்கணக்கா தொடர்ந்து வருதா, எந்த இடத்தோட பேர்ல வருதுங்கிறது தான் கேள்வி.

ஸ்டெப் 1: அந்தத் தண்ணி கடலோட ஏறி இறங்குதா?

ஆர்டனன்ஸ் சர்வே மேப்ல ஆத்துமேல என்டிஎல்னு (NTL) மூணு எழுத்து இருக்கும், கடல் ஏற்றம் சாதாரணமா எட்டுற கடைசி இடம் அது. அதுக்கு மேல உள்ள ஆத்துல பொதுவா கரை யாருதோ அவங்களுக்கு ஆத்துல பாதி வரைக்கும் மீன் உரிமைன்னு சட்டம் எடுத்துக்கும். அதுக்குக் கீழ இருந்தா கதையே வேற, அங்க மீன் பிடிக்கிறது பொதுமக்களோட உரிமை, ஒருத்தர் எனக்கு மட்டும் தான்னு சொல்லணும்னா அந்தத் தனி உரிமை 1215ல மாக்னா கார்ட்டா வர்றதுக்கு முன்னாடியே உண்டாயிருக்கணும். அவ்வளவு பழைய பேப்பர் யார்கிட்ட இருக்கும்? அதனால தான் ரொம்ப காலமா தொடர்ந்து அனுபவிச்சு வந்ததுக்கு சாட்சி இருந்தா அப்பவே உரிமை கொடுத்திருப்பாங்கன்னு கோர்ட் ஊகிச்சுக்கலாம்னு ஆச்சு, 1863ல அயர்லாந்து ஷானன் ஆத்து கேஸ்ல, அன்னைக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவா சொல்லிருக்கு. அதனால நீங்க தேட வேண்டியது அனுபவத்துக்கான சாட்சி.

ஸ்டெப் 2: எந்த மேனர்?

பாரிஷ், அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி, வேற, மேனர் வேற. ஒரே பாரிஷ்ல மூணு மேனர் இருக்கும், ஒரே மேனர் நாலு பாரிஷ்ல சிதறிக் கிடக்கும். வேல்ஸ்ல இன்னொரு சிக்கல், ஒரே பிரபுவோட நாட்டுலயே இங்கிலீஷ்காரங்க பகுதி தனி, வெல்ஷ்காரங்க பகுதி தனி. சுவான்சீ பக்கத்துல இருக்கற கோவர்ல வெல்ஷ் பகுதியை சுப்ராபோஸ்கஸ், சுப்போஸ்கஸ்னு லத்தீன்ல பிரிச்சு எழுதி வச்சிருக்காங்க, காட்டுக்கு மேல, காட்டுக்குக் கீழன்னு அர்த்தம். இது தெரியாம இன்னைக்கு இருக்கற ஊர் பேரைப் போட்டுத் தேடினா ஒண்ணும் வராது.

ஆள் பேரும் அப்படித்தான், டேவிட் ஆப் ஜெவன் ஆப் ஹவல்னு அப்பா பேர், தாத்தா பேர்னு போயிட்டே இருக்கும், பையன் பேர்ல முதல் ஆள் மாறிடும். இனிஷியல் போட்டுப் பழகின நமக்கு இது சட்டுனு பிடிபட்டுரும். வெல்ஷ் வழக்கத்துல குடும்ப நிலத்துக்கு க்வெலின்னு பேரு, அந்த வார்த்தைக்கு படுக்கைன்னு அர்த்தம், பசங்க எல்லாருக்கும் சம பங்கு. நம்ம பங்காளி நிலம் தான், வேற என்ன.

ஸ்டெப் 3: மேனர் ஆவணப் பதிவேடு

லண்டன் கியூல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்தோட சைட்ல டிஸ்கவரின்னு ஒரு கேட்டலாக் இருக்கு, இந்தப் பதிவேடு அதுக்குள்ள தான், அதுல மேனர் பேரைப் போட்டா எந்த ஆவணம் எந்த ஊர் ஆர்கைவ்ல இருக்குன்னு சொல்லும். வேல்ஸ் முழுக்க அதுல ஏத்திட்டாங்க. பழைய கவுன்ட்டி பேரைப் போடுங்க, கோவர்னா கிளாமார்கன். ஒரே எஸ்டேட்டோட பேப்பர் ஒரே இடத்துல இருக்கும்னு நினைக்காதீங்க, கோவருக்குப் பிரபுவா இருந்த போஃபர்ட் டியூக்கோட வேல்ஸ் மேனர் பேப்பர்ல பெரும்பகுதி அபெரிஸ்ட்வித்ல தேசிய நூலகத்துல இருக்கு, கொஞ்சம் குளூஸ்டர்ஷையர்ல இருக்கு. கிட்வெலி, ஆக்மோர், மன்மத் எல்லாம் லங்காஸ்டர் டச்சிங்கிற அரச எஸ்டேட்டோடது, அதை கியூல டிஎல்னு (DL) ஆரம்பிக்கிற வரிசைல பாருங்க.

அப்டேட்: ஒரு வாசகி கேட்டாங்க, பதிவேட்டுல எங்க மேனருக்கு எதுவுமே இல்ல, அப்போ உரிமையே இல்லன்னு அர்த்தமான்னு. இல்லங்க. அந்தப் பதிவேடு கோர்ட் ரோல் (மேனர் கோர்ட்ல நடந்ததை எழுதி வச்ச சுருள்), சர்வே, எல்லை, வழக்கம் இந்த மாதிரி ஆவணத்துக்கு மட்டும் தான், கிரயப் பத்திரம் அதுல சேராது. மீன் உரிமையை வித்ததும் வாங்கினதும் பத்திரத்துல தான் இருக்கும், அதனால அந்தக் குடும்பத்தோட எஸ்டேட் கேட்டலாக்கை தனியா ஒரு தடவை முழுசா பாருங்க.

ஸ்டெப் 4: ரோலை படிக்கிறது

1733 மார்ச் வரைக்கும் கோர்ட் ரோல் லத்தீன், நடுவுல குரோம்வெல் காலத்துல 1651லேருந்து 1660 வரைக்கும் மட்டும் இங்கிலீஷ். அதனால அந்த ஒன்பது வருஷத்துலேருந்து ஆரம்பிங்க. அந்த மேனர்ல எந்த இடத்துப் பேர் வருது, எந்த ஸ்டைல்ல எழுதுறாங்கன்னு இங்கிலீஷ்ல பழகிட்டு அப்புறம் பின்னாடி போங்க. பிஸ்காரியான்னா மீன் உரிமை, குர்கெஸ்னா ஆத்துல கல்லும் முளையும் வச்சுக் கட்டின அடைப்பு, ஓரத்துல மியான்னு சுருக்கி எழுதியிருந்தா அபராதம். எனக்கு முதல் தடவை கண்ல பட்டது இப்படித்தான், பழுப்பு மை, ஓரத்துல மியா, ஒரு ஆள் பேருக்கு நேர் மேல குட்டியா ஐ ஐ ஜே டி (iijd). மூணு பென்ஸ். ரோமன் எண்ல கடைசி ஐயை வாலோட ஜே மாதிரி இழுத்துருவாங்க, அதை யாரும் சொல்லித் தரலன்னா விளங்காது.

கியூ சைட்லயே லத்தீனுக்கும் பழைய கையெழுத்துக்கும் ஃப்ரீ பாடம் இருக்கு, அது போதும், காசு கட்டி கோர்ஸ் சேராதீங்க. போட்டோ அடுக்க டிராப்பின்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர், என் கணக்குல அதை விட நல்லது எதுவும் இல்ல. பழைய கையெழுத்தைப் படிச்சுக் கொடுக்கிற டிரான்ஸ்கிரைபஸ் சாஃப்ட்வேர் இங்கிலீஷ் கையெழுத்துக்கு நல்லா உதவுச்சு, சுருக்கி எழுதின லத்தீனுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

ஸ்டெப் 5: தேதி. இங்க தான் நான் விழுந்தேன், நிதானமா படிங்க

என்கிட்ட ரெண்டு பேப்பர் இருந்துச்சு. ஒண்ணு, 1612 பிப்ரவரில ஒருத்தர் மீன் அடைப்பை ரிப்பேர் பண்ணாம இடிஞ்சு கிடக்க விட்டதுக்கு அபராதம். இன்னொண்ணு, 1612 செப்டம்பர் 29 மைக்கேல் திருநாள்ல அதே ஆளுக்கு பிரபு அந்த அடைப்பை குத்தகைக்கு விட்ட பத்திரம். நான் என்ன நினைச்சேன்னா, குத்தகைக்கு முன்னாடியே அடைப்பு அவர் கையில இருந்திருக்கு, அப்போ குடியானவங்களுக்கே சொந்தமா உரிமை இருந்திருக்கு, பிரபு அதுக்கப்புறம் தான் பிடுங்கிக்கிட்டார்னு. கிளப் மீட்டிங்ல இதை வச்சு அரை மணி நேரம் பேசிட்டேன். பெரியவர் கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்த வாரம் ஆர்கைவ்ல இருந்த ஒரு அம்மா என் நோட்டைப் பாத்துட்டு மெதுவா சொன்னாங்க, அந்தக் காலத்துல புது வருஷம் ஜனவரில பிறக்காது, மார்ச் 25ல தான் பிறக்கும், 1752 வரைக்கும் அப்படித்தான்னு. அப்போ அவங்க எழுதின 1612 பிப்ரவரி நம்ம கணக்குல 1613. செப்டம்பர் முன்னாடி, பிப்ரவரி பின்னாடி. ஆள் குத்தகைக்கு எடுத்துட்டு அப்புறம் ரிப்பேர் பண்ணாம விட்டிருக்கார், அடைப்பு பிரபுவோடது தான். எங்க வாதமே தலைகீழாயிருச்சு. பெரியவர்கிட்ட போய் சொல்றதுக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு, ஆனா சொல்லாம விட்டிருந்தா பட்டம் வாங்கினவர் பக்கத்து லாயர் ஒரே நிமிஷத்துல உடைச்சிருப்பார்.

அதனால ஒவ்வொரு தேதியையும் ரெண்டு காலம் போட்டு எழுதுங்க, ரோல்ல இருக்கறபடி ஒண்ணு, நம்ம கணக்குப்படி ஒண்ணு. பல ரோல்ல ஆண்டு நம்பரே இருக்காது, ராஜா பட்டத்துக்கு வந்த எத்தனாவது வருஷம்னு தான் இருக்கும். முதலாம் ஜேம்ஸ்னா 1603 மார்ச் 24லேருந்து எண்ணணும். அவர் ஸ்காட்லாந்துக்கும் ராஜா, அங்க 1567 ஜூலை 24லேருந்து கணக்கு, ரெண்டு நம்பரையும் ரோல்ல போட்டிருப்பாங்க. இதை வச்சே செக் பண்ணலாம், 10ம் 45ம் இருந்தா 1612 ஜூலை 24க்கு முன்னாடி, 10ம் 46ம் இருந்தா அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ. என் ரோல்ல 46னு தெளிவா இருந்துச்சு, நான் தான் கவனிக்கல.

ஸ்டெப் 6: எல்லை எங்க?

அடைப்பு பிரபுவோடதுன்னு ஆனதுக்கு அப்புறம் எங்களுக்கு மிச்சம் இருந்த கேள்வி இது தான். உரிமை இருந்துச்சு சரி, எதுவரைக்கும்? இதுக்கு சர்வே தான் பாக்கணும், ஊர்ப் பெரியவங்களை ஜூரியா உக்கார வச்சு எல்லையைச் சொல்லச் சொல்லி எழுதினது. கோவருக்கு 1650ல குரோம்வெல்லுக்காக எடுத்த சர்வேயும், போஃபர்ட் டியூக்கோட ஸ்டீவர்ட், அதாவது காரியஸ்தர், கேப்ரியல் பவல் 1764ல எடுத்ததும் இருக்கு. சண்டை கோர்ட்டுக்குப் போயிருந்தா கியூல இ 134 (E 134) வரிசைல சாட்சி வாக்குமூலம் கிடைக்கலாம், வயசைச் சொல்லி, சின்ன வயசுல நான் பாத்தது இதுன்னு ஆளுங்க பேசியிருப்பாங்க, எனக்கு எல்லாத்தையும் விட பிடிச்சது அது தான்.

அப்புறம் மேப். வேல்ஸ் தேசிய நூலகம் டைத் மேப் (விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு சர்ச் வரிக்காக வரைஞ்ச மேப்) எல்லாத்தையும் ஆன்லைன்ல போட்டிருக்கு, 1836 சட்டத்துக்கு அப்புறம் வரைஞ்சது, வயல் வயலா சொந்தக்காரர் பேர் இருக்கும். பழைய ஆர்டனன்ஸ் சர்வே மேப்பை இன்னைய மேப் மேல வச்சுப் பாக்க ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட சைட்டுக்குப் போங்க, வேல்ஸும் அதுல இருக்கு. சால்மன் அடைப்போ பறியோ நட்ட இடம்னா 1860கள் ரொம்ப முக்கியம், 1861 சட்டம் நிலையான அடைப்பை எல்லாம் தடை பண்ணி பழைய உரிமை இருந்தா மட்டும் விட்டுச்சு, 1865 சட்டப்படி ஸ்பெஷல் கமிஷனர்கள் வந்து ஒவ்வொருத்தரையும் நிரூபிக்கச் சொன்னாங்க.

எங்க விஷயத்துல நாப்பத்தோரு வரி சேந்துச்சு. அபராதம், வாடகை எல்லாமே ஒரு சின்ன ஓடை வந்து கலக்குற இடத்துக்கு மேல தான், ஓடைக்குக் கீழ ஒரு வரி கூட இல்ல, சர்வேலயும் ஓடை தான் எல்லை. நாங்க தூண்டில் போடுறது ஓடைக்குக் கீழ.

அப்டேட் 2: வடக்கு வேல்ஸ்காரங்க கேட்டதுக்கு, ஆங்கிள்சீக்கும் கேர்நார்வனுக்கும் 1352 சர்வே அச்சுல இருக்கு, அதுலேருந்து தொடங்குங்க. மெனாய் ஜலசந்தில இனிஸ் கோரெட் கோஹ் தீவோட அடைப்பு மாதிரி சிலது பேங்கர் பிஷப் கையில இருந்துச்சு, அப்போ சர்ச் பேப்பரையும் பாக்கணும்.

அப்டேட் 3: வீட்டுப் பத்திரத்துல மேனர் உரிமைன்னு ஒரு நோட்டீஸ் ஏறிடுச்சுன்னு மூணு பேர் பயந்து எழுதியிருந்தாங்க. 2013 அக்டோபர் 13க்கு முன்னாடி பதிவு பண்ணலன்னா உரிமைக்கு இருந்த பாதுகாப்பு போயிடும்னு 2002 சட்டத்தால ஆச்சு, அதனால அவசர அவசரமா பதிஞ்சாங்க, ஆங்கிள்சீல ஆயிரக்கணக்கான வீட்டுக்காரங்களுக்கு நோட்டீஸ் போச்சு, 2015ல பார்லிமென்ட் கமிட்டியே இதை விசாரிச்சுச்சு. நோட்டீஸ் ஏறினதால மட்டும் அந்த உரிமை உண்மைன்னு ஆகாது, சட்டமே அப்படித்தான் சொல்லுது. பட்டத்தை வாங்கினா எல்லாம் கூடவே வந்துரும்ங்கிறதும் இல்ல, செயின்ட் டேவிட்ஸ்ல மார்ச்சர் பிரபுங்கிற பழைய பட்டம் வாங்கினவர் கடற்கரையைக் கேட்டப்போ 2008ல ஐகோர்ட் அரச சொத்தைப் பாத்துக்கிற கிரவுன் எஸ்டேட் பக்கம் தான் தீர்ப்பு சொல்லுச்சு.

நாப்பத்தோரு வரியையும் போட்டோவோட, ஆவண நம்பரோட லாயர்கிட்ட கொடுத்தோம், எங்களுக்கு எதிரா இருந்த 1613 வரியையும் சேத்து தான். போன மாசம் பட்டம் வாங்கினவர் பக்கத்துலேருந்து பதில் வந்துச்சு, ஓடைக்குக் கீழ பணம் கேக்கலன்னு. பெரியவர் அந்த ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கே போய் உக்காந்துட்டார்.