12031968: பெரிய எண்ணில் கால் இடறும் இடங்கள்

மொரீஷியஸ் விடுதலை பெற்ற நாள் 1968 மார்ச் 12. நாள், மாதம், ஆண்டு என்று சேர்த்து எழுதினால் 12031968. காரணிப்படுத்திப் பழக அருமையான எண். பிள்ளைகள் வழக்கமாக இடறுகிற இடமெல்லாம் இதற்குள் இருக்கிறது.

முதல் இடறல் வாசிப்பிலேயே. தமிழ்நாட்டு வழக்கில் இது 1,20,31,968, அதாவது ஒரு கோடியே இருபது லட்சத்துச் சொச்சம். மொரீஷியஸில் நம் பள்ளிகளில் 12,031,968, பன்னிரண்டு மில்லியன். இதற்கும் பெரிய தொகைகளில்தான் ஆபத்து. பிரெஞ்சு நாளிதழ் எழுதும் 'மிலியார்' ஆங்கிலத்தில் பில்லியன், தமிழில் நூறு கோடி. பிரெஞ்சுக்காரர்களின் 'பிலியோன்' என்பதோ லட்சம் கோடி. பட்ஜெட் செய்தியில் இவை இரண்டும் குழம்பினால் ஆயிரம் மடங்கு பிசகும்.

அடுத்தது வகுபடும் தன்மை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 30. எனவே எண் 3ஆல் வகுபடும். சரி. 30ஐ 5 வகுக்கிறதே, எண்ணையும் வகுக்குமா? 8இல் முடிகிற எண்ணை 5 எப்படி வகுக்கும்! கூட்டிப் பார்க்கும் சோதனை 3க்கும் 9க்கும்தான். 3ஆலும் 6ஆலும் வகுபடுவதால் 18ஆலும் வகுபடும் என்பதும் தவறு. 30ஐ 9 வகுக்காது. ஆகவே நம் எண்ணை 18 வகுக்காது.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். 2ஆல் ஐந்து முறை, 3ஆல் ஒரு முறை வகுத்தால் 125333 மிஞ்சும். 7 போகாது, 11 போகாது. உடனே 'பகா எண்' என்று எழுதிவிடுகிறார்கள். வர்க்கமூலம் ஏறக்குறைய 354. அதுவரை உள்ள பகா எண்களை எல்லாம் சோதிக்காமல் அப்படிச் சொல்ல முடியாது. இங்கே அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், அடுத்த 13லேயே உடைகிறது: 13 × 9641. அந்த 9641 மறுபடி ஏமாற்றும். அது 31 × 311. கடைசி 311 மட்டும் உண்மையிலேயே பகா எண். முடிவு: 2⁵ × 3 × 13 × 31 × 311.

வகுத்திகள் எத்தனை என்றால் 5 என்றோ 9 என்றோ விடை வரும். அவை பகாக் காரணிகளின் எண்ணிக்கை (2ஐ ஒரு முறை எண்ணினால் 5, ஐந்து முறை எண்ணினால் 9). ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 6 × 2 × 2 × 2 × 2 = 96. இதில் 1ம் அந்த எண்ணும் அடக்கம்.

தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரிதாக இருந்தால் அது மிகை எண். அப்படிப் பார்க்கும்போது மட்டும் அந்த எண்ணைச் சேர்க்கக் கூடாது. 95 வகுத்திகளையும் கூட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. எண் 6ஆல் வகுபடுகிறது. அதன் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று சேர்ந்தாலே அந்த எண் வந்துவிடும். 1 இன்னும் பாக்கி இருக்கிறது. ஆகவே மிகை எண்தான்.

ஆண்டை முன்னால் வைத்து 19680312 என்று எழுதினால் 3 வகுக்கும், 32 வகுக்காது. இலக்கங்கள் அதே எட்டு, எண் வேறு. எண் ஜோசியர் மட்டும் இரண்டுக்கும் 3 என்றே பலன் சொல்வார்.