எல்லாம் எடுத்தாயிற்று, சரி. எந்தப் பையில் வைத்தீர்கள்?

சென்ற மாதம் ஒரு சுற்றுலாக் குழுவோடு விமான நிலையத்தில் நின்றிருந்தேன். முதன்முறை வெளிநாடு கிளம்பிய இளைஞர் ஒருவர் பெட்டியைத் தரையில் திறந்து போட்டு, மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பவர் பேங்க் உள்ளே இருக்கிறதா என்று கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள். இருந்தது. எந்தச் சட்டைக்குள் சுருட்டி வைத்தார் என்பதுதான் அவருக்கு நினைவில்லை. "லிஸ்ட் பார்த்துத்தான் எடுத்து வைத்தேன் அண்ணா" என்றார், பரிதாபமாக.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குழுக்களை அழைத்துப் போகும் தொழிலுக்கு வந்த புதிதில், நான்கு கிலோ எடை கூடிப்போய், அதே போலத் தரையில் மண்டியிட்டு, உள்ளாடைகளை ஊரறிய வெளியே எடுத்தவன் நான். கோபமெல்லாம் அந்த லிஸ்ட்டின்மேல்தான். எதை எடுக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள், எதை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதுவதே இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷை மறக்காதீர்கள் என்பது போன்றவற்றை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். மறந்தால் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெட்டி அடுக்குவதில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் இவை.

பவர் பேங்க் பெட்டிக்குள் போவது

லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், பயணிகள் பகுதியில் அணைக்க ஆள் உண்டு. விமானத்தின் அடிவயிற்றில் இல்லை. அதனால் தனி பேட்டரிகளும் பவர் பேங்க்குகளும் கையோடுதான் வர வேண்டும். பேட்டரியில் எவ்வளவு மின்சக்தி அடங்கும் என்பதை வாட்-மணியில் அளப்பார்கள். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை, அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்க்கில் மில்லியாம்ப்-மணி (mAh) கணக்குதான் பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி, கவலையில்லை. எழுத்து தேய்ந்து அழிந்துபோனதை எடுத்துப் போகாதீர்கள். சோதனையில் நிற்பவர் உங்கள் வாய்ச்சொல்லை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

மருந்து

இதை எழுதும்போது இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரிய பெட்டியில் மருந்து வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அம்மாவை அழைத்துக்கொண்டு போன அந்தப் பயணத்தில் அவருடைய இன்சுலின், மாத்திரைகள், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் சக்கரம் வைத்த சின்னப் பெட்டியில் அடுக்கி, அதை என் கையிலேயே வைத்திருந்தேன். விமானம் நிரம்பி வழிந்தது. ஏறும் வாசலில் நின்ற ஊழியர், இருக்கைகளுக்கு மேலுள்ள பெட்டி வைக்கும் அடுக்குகளில் இடமில்லை, சின்னப் பெட்டிகளைக் கீழே அனுப்புகிறோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒரு சீட்டை மாட்டினார். நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். எனக்குப் பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். அம்மாவுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. இருக்கைப் பட்டியை மாட்டிய பிறகுதான் உறைத்தது.

இடையில் விமானம் மாறினோம். நாங்கள் மாறினோம், பெட்டி மாறவில்லை. போய்ச் சேர்ந்த ஊரில் அன்று விடுமுறை. திறந்திருந்த ஒரே மருந்துக்கடையில் மருந்துச் சீட்டு கேட்டார்கள். அது எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் ஊர் நிறுவனம் வைத்த வணிகப் பெயர். அதைக் கேட்டு அந்தக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் ஒரு மருத்துவமனையில் பரிசோதனை செய்து, புதிதாக எழுதி வாங்கி, அம்மாவுக்கு ஊசி போடும்போது இரவு ஆகிவிட்டது. "ஊர் பார்க்க வந்தோம், ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டோம்" என்றார் அம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. இன்சுலின் குப்பி பார்க்கப் புதிது போலவே இருந்தது. மருத்துவர் அதைத் தூக்கிப்போடச் சொன்னார். எங்கோ ஒரு சரக்குக் கிடங்கில் அது உறைந்து உருகியிருந்தால் வேலை செய்யாது. உறைந்ததா என்று கண்ணால் பார்த்து எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. ஐஸ் பொதியோடு நேரடியாக ஒட்டி வைத்தாலும் இதே கதிதான். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். வகைக்கு வகை மாறும் என்பதால் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து நான் செய்வது இது. கைப்பெட்டிக்குள் ஒரு சின்னத் துணிப்பை. மருந்து, மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி, பவர் பேங்க் எல்லாம் அதற்குள். தோளில் மாட்ட வார் உண்டு. யாராவது வாசலில் சீட்டோடு வந்தால், ஜிப்பைத் திறந்து துணிப்பையை உருவிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடுவேன். பத்து நொடி வேலை. வேறு எந்தப் பையிலாவது கையை விட்டுத் துழாவ நேர்ந்தால், அடுக்கியது தவறு என்று பொருள்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் இரண்டு தவறுகள். இடம் மிச்சம் என்று அட்டையைக் கத்தரித்து, பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத துண்டுகளாகக் கொண்டு வருகிறார்கள். சுங்க அதிகாரிக்கும் அது என்னவென்று தெரியாது, அவசரத்தில் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. அட்டை முழுசாக இருக்கட்டும். வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும், அதாவது உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயரையும், ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூலப்பெயரே சில இடங்களில் மாறும்: பாராசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். இரண்டாவது, எட்டு நாள் பயணத்துக்கு எட்டு மாத்திரை எண்ணி எடுப்பவர்கள். திரும்பும் விமானம் உங்கள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டதல்ல.

சளி மருந்துதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் பல நாடுகளில் கெடுபிடி உண்டு.

புதுச் செருப்பு

வேண்டாம்.

அடாப்டர் இருந்தால் போதும் என்ற நினைப்பு

அடாப்டர் துளைக்கு ஏற்றபடி முள்ளை மாற்றுமே தவிர, மின்னழுத்தத்தை மாற்றாது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, உலகின் பெரும்பகுதியில் 220 முதல் 240 வரை. போன் சார்ஜரின் முதுகில் 100-240 என்று பொடி எழுத்தில் இருக்கும். அது எங்கும் வேலை செய்யும். தலைமுடி உலர்த்தும் கருவிகள் பலவற்றில் ஒரே ஓர் எண்தான். 120 என்று எழுதியதை 230-இல் செருகினால் முடி காய்வதற்கு முன் கருவி கருகிவிடும். என் குழுவில் ஒருவர் செருகி, அறை முழுக்கப் புகைந்தது. அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பாதி தீர்ந்த ஷாம்பு

கையோடு எடுத்துப் போகும் திரவங்களுக்கு 2006-இல் வந்த 100 மில்லி விதி புட்டியின் அளவைப் பற்றியது, உள்ளே மிச்சமிருப்பதைப் பற்றியதல்ல. 200 மில்லி புட்டியின் அடியில் ஒரு கரண்டி இருந்தாலும் குப்பைத் தொட்டிதான். புதிய சோதனைக் கருவிகள் வந்த சில விமான நிலையங்களில் இது தளர்ந்திருக்கிறது. ஆனால் திரும்பும் வழியில் இருப்பது பழைய கருவியாக இருக்கலாம்.

துணி

பாதியை அலமாரிக்கே திருப்பி அனுப்புங்கள்.

பெயர் வெளியே மட்டும் இருப்பது

வெளியே கட்டிய அட்டை, பெட்டிகளை நகர்த்தும் பெல்ட்டில் சிக்கிப் பிய்ந்து போகும். பெயரும் போன் எண்ணும் எழுதிய தாளைத் துணிகளின் மேல் வைத்து மூடுங்கள். போன பயணத்தின் பார்கோடு ஒட்டுகளைக் கிழித்தெறியுங்கள். பழைய ஒட்டு எஞ்சியிருந்தால் பெட்டி வேறு ஊருக்குத் திசைமாற வாய்ப்புண்டு. மூடுவதற்கு முன் பெட்டியை உள்ளும் புறமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வராவிட்டால், பெட்டிகள் வந்து சேரும் கூடத்தைவிட்டு வெளியேறும் முன்பே புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும்.

புகார்ப் படிவத்தில் பெட்டியின் நிறம் கேட்பார்கள். அம்மாவின் மருந்து போன அன்று நான் கறுப்பு என்று எழுதினேன். கவுண்டருக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்தவை எல்லாமே கறுப்பு. இப்போது என் பெட்டியின் கைப்பிடியில் அம்மா கிழித்துக் கட்டிய மஞ்சள் புடவைத் துண்டு தொங்குகிறது.