ரஸ்ஸலை எந்தத் தராசில் நிறுத்துவது? டிஃபென்ஸ் வீரர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1957 ஏப்ரல் 13. பாஸ்டன் செல்டிக்ஸுக்கும் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்கும், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம். முடிய நாற்பது நொடிதான் பாக்கி. பாஸ்டன் 103-102 என்று ஒரே ஒரு புள்ளி முன்னிலை. ஹாக்ஸ் வீரர் ஜாக் கோல்மனுக்கு நடுக்கோட்டருகே நீண்ட பாஸ் கிடைக்கிறது. எதிரே ஆள் இல்லை, ஓடிப்போய் ரிங்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு லே-அப் போட்டால் போதும். அந்த பாஸ் கிளம்பும்போது பாஸ்டனின் சென்டர் (ரிங்குக்கு அருகே ஆடும் உயரமான ஆள்) பில் ரஸ்ஸல் மைதானத்தின் மறுமுனைக் கோட்டில் நிற்கிறார். அங்கிருந்து விரட்டி வந்து, கோல்மன் போட்ட பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் இரண்டு முறை கூடுதல் நேரத்துக்குப் போய், 125-123 என்று பாஸ்டன் தன் முதல் கோப்பையை வாங்கியது.

அன்றைய ஸ்கோர்ஷீட்டில் அந்தத் தட்டலை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. பிளாக்கையும் (எதிராளி போட்ட ஷாட்டைத் தட்டிவிடுவது) ஸ்டீலையும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். ரஸ்ஸல் 1969லேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். வெவ்வேறு காலத்து வீரர்களை ஒப்பிட்டுப் பேசும்போது நாம் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஏட்டில் இருப்பதை மட்டும் பார்க்கிறோம். ரஸ்ஸலின் சராசரி ஆட்டத்துக்கு 15.1 புள்ளி, ஷாட் விழுந்தது 44 சதவீதம். "இவரா எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர்?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறோம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பாயிண்டில் நின்று பாய்ந்து பாய்ந்து இருபது ரன்னைத் தடுத்தவரின் பெயர் ஸ்கோர்கார்டில் எங்கேயும் வராது. அவர் செய்த வேலை எதிரணியின் கணக்கில், குறைவாக எடுத்த ரன்னாக உட்கார்ந்திருக்கும். கூடைப்பந்தின் டிஃபென்ஸும், அதாவது தடுப்பாட்டமும், அப்படித்தான். தேட வேண்டியது எதிரணியின் பக்கத்தில்.

பென் வாலஸ் இதற்கு நல்ல உதாரணம். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1996இல் அவரை ஒரு அணியும் எடுக்கவில்லை. உயரம் 6 அடி 9 அங்குலம் என்று போட்டிருப்பார்கள், சென்டருக்கு அது குறைவு. வாழ்நாள் சராசரி 5.7 புள்ளி. ஃப்ரீ த்ரோ பாதிகூட விழாது. ஆனால் 2004 இறுதித் தொடரில் அவருடைய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், ஷாக்கில் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும் இருந்த லேக்கர்ஸை 4-1 என்று வீழ்த்தியது. மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் மொத்தமாகவே 68 புள்ளிதான் எடுத்தது. அந்த 68தான் வாலஸின் ஸ்கோர் என்பேன். கூட ஆடிய நால்வருக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் அவர் இல்லாமல் அந்த வேலி நின்றிருக்காது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிளாக் எண்ணிக்கையே டிஃபென்ஸ் என்று நம்பிவிடுவது. பந்தைக் கூட்டத்துக்குள் அறைந்தால் பார்க்க அட்டகாசமாக இருக்கும், ஆனால் பந்து மறுபடியும் எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் பெரும்பாலும் அப்படி அறைய மாட்டார். கோட்டுக்குள்ளேயே விழும்படி மெல்லத் தட்டி, தன் ஆளிடம் சேர்த்துவிடுவார். அந்த நொடியே பாஸ்டன் எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கிவிடும். ஏட்டில் எழுதினால் இரண்டும் ஒரே "1"தான். அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு எதிராளி போடாமலே விட்ட ஷாட்டுகள் எந்த ஏட்டிலும் ஏறாது. ஸ்டீலிலும் இதே சிக்கல்: பந்தைப் பறிக்கப் பாய்ந்து தவறினால், பின்னால் நாலு பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். பாய்ந்து கிடைத்தது எண்ணப்படும், தவறியது எண்ணப்படாது.

யூட்டா ஜாஸின் மார்க் ஈட்டன் 1984-85இல் ஆட்டத்துக்கு 5.6 பிளாக் எடுத்தார். அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. ஆனாலும் ஹூஸ்டனின் சென்டர் ஹகீம் ஒலாஜுவானுக்கு மேலே அவரை யாரும் வைப்பதில்லை, அது சரிதான். ஈட்டன் ரிங்குக்குக் கீழே நின்ற கோபுரம். ஒலாஜுவான் வெளியேயும் வருவார். 1994 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் இரண்டே புள்ளி முன்னிலை. கடைசி நொடிகளில் நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எழும்பி ஷாட் போடுகிறார், விழுந்தால் கோப்பை நியூயார்க்குக்கு. சென்டரான ஒலாஜுவான் அவ்வளவு தூரம் வெளியே வந்து விரல் நுனியால் அந்தப் பந்தைத் தொட்டுவிட்டார். ஆட்டம் 86-84, ஏழாவதையும் ஜெயித்து ஹூஸ்டன் கோப்பையை எடுத்தது. இரண்டாயிரத்துக்கு மேல் பிளாக், இரண்டாயிரத்துக்கு மேல் ஸ்டீல் இரண்டும் உள்ளவர் என்.பி.ஏ.வில் ஒலாஜுவான் ஒருவர்தான்.

அப்புறம் ரீபவுண்ட், அதாவது விழாத ஷாட்டிலிருந்து திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது. ரஸ்ஸல் 1961-62இல் ஆட்டத்துக்கு 23.6 எடுத்தார் என்றதும் இன்றைய எண்களோடு அப்படியே வைத்துப் பார்த்து வாய் பிளப்பார்கள். இது அவருக்குச் சாதகமான தவறு, அதையும் விடக்கூடாது. அந்த சீசனில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சுமார் 108 ஷாட் போட்டது, சுமார் 43 சதவீதம்தான் விழுந்தது. இன்று சுமார் 89 ஷாட், சுமார் 47 சதவீதம். அதாவது அன்று ஓர் அணி தவறவிட்டது சுமார் 62 என்றால் இன்று சுமார் 47. அந்த விகிதத்தில் சுருக்கினால் 23.6 என்பது சுமார் 18 ஆகும். அவர் ஆட்டத்துக்கு 45 நிமிடம் மைதானத்தில் நின்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கழித்த பிறகும் அது மலைக்கவைக்கும் எண்தான். ஆனால் கழித்துப் பார்த்தால்தான் டென்னிஸ் ராட்மனின் பெருமை தெரியும். மெதுவாக ஆடிய ஒரு காலத்தில், 6 அடி 7 அங்குல உயரத்தில், 1991-92இல் அவர் எடுத்தது 18.7.

விருதை எண்ணுவதும் இதே மாதிரி ஏமாற்றும். சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதை முட்டொம்போ, பென் வாலஸ், ரூடி கோபேர் மூவரும் நான்கு முறை வாங்கியிருக்கிறார்கள், ரஸ்ஸலுக்குப் பூஜ்யம். காரணம், அந்த விருது பிறந்ததே 1982-83இல். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதுக்கு 2009 முதல் ரஸ்ஸலின் பெயர்தான், ஆனால் அதையும் அவர் வாங்கியதில்லை.

"இன்றைக்கு ஆடினால் தாங்குவாரா?" என்ற கேள்வியை நான் அதிகம் மதிப்பதில்லை. மூன்று புள்ளிக் கோடு வந்தது 1979-80இல், ஆளுக்கு ஆள் காவல் நிற்காமல் இடத்தைக் காக்கும் ஸோன் டிஃபென்ஸ் அனுமதிக்கப்பட்டது 2001-02இல், வெளியே ஆடுபவரைக் கையால் தடுத்து நிறுத்துவதற்குக் கண்டிப்பு வந்தது 2004-05இல். தன் காலத்தின் விதிக்குள் எதிரணியை எவ்வளவு திணறடித்தார் என்று பார்ப்பதுதான் நியாயம்.

கோப்பையை மட்டும் எண்ணுவதும் போதாது. 13 சீசனில் 11 கோப்பை என்றால், "கூட ஆடியவர்களும் பெரிய கைகள்" என்று பதில் வரும், அதிலும் உண்மை இருக்கிறது. நான் பார்ப்பது அவருக்கு முன்னும் பின்னும். அவர் வருவதற்கு முன்பே பாஸ்டனில் கௌஸி இருந்தார், ஷார்மன் இருந்தார், புள்ளிகள் குவிந்தன, கோப்பை வரவில்லை. அவருடைய கடைசி சீசனில் 48 வெற்றி, 34 தோல்வி. அடுத்த சீசனில் 34 வெற்றி, 48 தோல்வி. கூட ஆடிய சாம் ஜோன்ஸும் அதே வருஷம் விலகினார் என்பதை மறக்கவில்லை.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சீசனின் சிறந்த ஐவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் செய்தியாளர்கள். மிக மதிப்புமிக்க வீரருக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்கள். 1958, 1961, 1962 ஆகிய மூன்று வருஷமும் செய்தியாளர்கள் ரஸ்ஸலை முதல் ஐவருக்கு அடுத்த இரண்டாம் ஐவரில்தான் வைத்தார்கள். அதே மூன்று வருஷமும், அவர் கைக்கு மேலே பந்தை எறிந்து பார்த்தவர்கள் தங்கள் சீட்டில் எழுதியது அவர் பெயரை.