இரண்டு வருட ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்: எமர்ஜென்சி டாக்டர்கள் நேரத்தைத் தொலைக்கும் இடங்கள்

அமெரிக்காவில் எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சியை, அதாவது எம்பிபிஎஸ்ஸுக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சியை, முடித்த டாக்டர் நேராக வேலைக்குப் போனால் நல்ல சம்பளம் காத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, வெகுவாகக் குறைந்த சம்பளத்தில் இரண்டு வருடம் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்குப் போகிறவர் உண்மையில் காசு கொடுத்து நேரம் வாங்குகிறார். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஷிஃப்ட், மீதி நாட்களில் படிப்பு, ஆய்வு, எழுத்து. பல இடங்களில் கூடவே முதுகலைப் பட்டம் ஒன்றும் உண்டு. ஃபெல்லோக்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால், அநேகமாக எல்லாமே இப்படி வாங்கிய நேரத்தை ஏதோ ஒரு வழியில் திருப்பிக் கொடுத்துவிடுவதாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்து அங்கே போனவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயரைப் பார்த்துச் சேர்வது

பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிது என்பதற்காகவே சேர்ந்துவிடுகிறவர்கள் நிறைய. நேர்காணலில் மாதத்துக்கு எத்தனை ஷிஃப்ட் என்று கேட்பார்கள், ஒரு எண் பதிலாக வரும், சரி என்று எழுந்து வந்துவிடுவார்கள். கேட்க வேண்டியதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள். அதில் நைட் எத்தனை? கிறிஸ்துமஸ் வாரம் யார் தலையில் விழும்? யாராவது உடம்பு சரியில்லை என்று லீவு போட்டால் முதல் போன் யாருக்கு வரும்? ஒரு நைட் ஷிஃப்ட் அட்டவணையில் எட்டு, பத்து மணி நேரமாகத்தான் தெரியும். அதற்கு முந்தைய மதியமும் அடுத்த நாள் முழுவதும் அதோடு சேர்ந்து போய்விடும் என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எனவே பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

எஸ்ஏஇஎம் என்ற கல்விசார் எமர்ஜென்சி மருத்துவச் சங்கம் இந்த ஃபெல்லோஷிப்புகளைப் பரிசீலித்து அங்கீகாரம் தருகிறது. அங்கீகாரம் இருந்தால் நல்லதுதான். ஆனாலும் போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடமே போனில் கேட்டுவிடுவது அதைவிட உறுதியான சோதனை. எல்லோரும் முழுநேர ஷிஃப்ட்டுக்கே திரும்பிவிட்டார்கள் என்றால் அந்த இடத்தைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை.

மென்ட்டர், அதாவது ஆய்வு வழிகாட்டி, விஷயமும் இதே கதைதான். நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதியவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவராக இருந்தால் அவர் பெயர் உங்கள் பயோடேட்டாவில் மட்டும்தான் இருக்கும். அவர் எமர்ஜென்சி துறைக்காரராக இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பக்கவாதத்தில் ஆய்வு செய்ய நினைப்பவருக்கு நரம்பியல் துறையில்தான் நல்ல ஆள் கிடைக்கலாம். ஆனால் ஷிஃப்ட் அட்டவணை போடுகிறவரிடம் உங்களுக்காகச் சண்டை போட சொந்தத் துறையில் ஒருவர் வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம்.

கூடுதல் ஷிஃப்ட் பற்றியும் ஒரு வார்த்தை. படிப்புக் கடன் இருப்பவர் வெளியே மூன்லைட்டிங் போவதைக் குறை சொல்ல முடியாது. மாதம் இத்தனைதான் என்ற வரம்பை ஃபெல்லோஷிப்பில் சேர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு யாரும் போடுவதில்லை.

கேஸ் ஷீட்டில் இருப்பதெல்லாம் நிஜம் என்று நம்புவது

புது ஃபெல்லோவின் முதல் ஆய்வு பெரும்பாலும் சார்ட் ரிவ்யூ, அதாவது பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டித் தகவல் எடுப்பது. நெறிமுறைக் குழு சீக்கிரம் அனுமதி கொடுத்துவிடும், செலவும் இல்லை. 1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, எமர்ஜென்சி மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளில் சுமார் கால்வாசி இந்த வகைதான் என்று கண்டது. தகவல் எடுத்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்களா, ஒரே கேஸ் ஷீட்டை இரண்டு பேர் படித்தால் ஒரே விடை வந்ததா என்றெல்லாம் சொன்ன கட்டுரைகள் மிகக் குறைவு என்றும் அதுவே காட்டியது. அந்தக் கட்டுரையை முதல் வாரத்திலேயே படித்துவிட வேண்டும்.

'டாக்டர் நோயாளியைப் பார்த்த நேரம்' என்ற ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் 10:42 என்று துல்லியமாக இருக்கும். அது எப்படிப் பதிவாகிறது? திரையில் நோயாளியின் பெயருக்கு எதிரே டாக்டர் தன் பெயரைச் சொடுக்கும்போது. ஒருவர் பக்கத்து அறையில் தையல் போட்டுவிட்டு வந்து, காத்திருக்கும் மூன்று பேருக்கு எதிரே ஒரே மூச்சில் சொடுக்கிவிட்டுக் கை கழுவப் போவார். இன்னொருவர் மூச்சுத் திணறலோடு வந்தவரிடம் நேராக ஓடி, குழாய் போட்டு, வென்டிலேட்டரில் இணைத்து, அரை மணி கழித்துத்தான் கம்ப்யூட்டர் பக்கமே வருவார். பதிவை அப்படியே நம்பினால், மிக மோசமான நிலையில் வந்தவரைத்தான் டாக்டர் மிகத் தாமதமாகப் பார்த்தார் என்று உங்கள் கட்டுரை முடிவு சொல்லும்! ஷிஃப்ட் பார்க்கிற ஆளே ஆய்வும் செய்வதன் லாபம் இந்த மாதிரி இடத்தில்தான். வேடிக்கை என்னவென்றால், தினமும் இப்படிச் சொடுக்குகிற அதே டாக்டர் எக்செல்லைத் திறந்ததும் அதை மறந்துவிடுகிறார்.

இதை ஒழுங்காகக் கையாண்டதற்கு 2012-ல் வெளியான ராம்பார்ட் ஆய்வைப் பார்க்கலாம். வலிப்பு நிற்காமல் ஆம்புலன்சில் வருகிறவருக்கு நரம்பில் லோராசெபாம் போடுவதா, தசையில் மிடாசோலம் போடுவதா என்பது கேள்வி. துடித்துக்கொண்டிருக்கும் கையில், ஓடும் வண்டியில், நரம்பு தேடுவது என்ன பாடு என்று தெரிந்தவர்கள் கேட்ட கேள்வி அது. மருந்துப் பெட்டியிலேயே கடிகாரமும் குரல் பதிவும் இருந்தன. ஊசி போட்டதையும் வலிப்பு நின்றதையும் பாராமெடிக்குகள் அந்தந்த நொடியிலேயே வாயால் சொன்னார்கள். மருத்துவமனைக்கு வந்து சேரும்போது, வேறு மருந்து தேவைப்படாமலே வலிப்பு நின்றிருந்தவர்கள் தசை ஊசிக் குழுவில் 73.4 சதவீதம், நரம்பு ஊசிக் குழுவில் 63.4. மிடாசோலம் வேலை செய்யக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது. ஆனால் ஊசியைச் சீக்கிரம் போட முடிந்தது. நேரத்தைச் சரியாக அளந்திராவிட்டால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

பகலில் வருகிறவர்களை மட்டும் சேர்ப்பது

நோயாளிகளைச் சேர்க்கும் ஆய்வு என்றால், பெரும்பாலும் மாணவ உதவியாளர்கள் காலை எட்டு முதல் இரவு பத்து, பதினொன்று வரை வார்டில் இருப்பார்கள். அதற்கப்புறம் வருகிறவர்கள் ஆய்வில் இல்லை. ஆனால் எமர்ஜென்சியில் ராத்திரி வருகிற கூட்டமே வேறு. குடித்துவிட்டு விழுந்தவர், அடிதடியில் வந்தவர், வேலை முடிந்து நெஞ்சுவலியை இதற்கு மேல் தாங்க முடியாமல் வந்த கூலித் தொழிலாளி. இவர்களை விட்டுவிட்டுத் தலைக்காயத்துக்கு விதிமுறை கண்டுபிடித்தால் அது பகல் நேர விதிமுறை. இருபத்துநாலு மணி நேரமும் ஆள் போட முடியாது என்றால், மாதத்தில் சில இரவுகளையாவது குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஆள் போடலாம். விடுபட்டவர்கள் யார் என்ற பட்டியலையாவது வைத்திருக்க வேண்டும்.

எத்தனை பேர் கிடைப்பார்கள் என்ற கணக்கிலும் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆய்வு தொடங்கிய மறுநாளே அந்த நோய்க்காரர்கள் ஊரை விட்டே காணாமல் போய்விடுவார்கள் என்பது மருந்தியல் அறிஞர் லூயிஸ் லசான்யாவின் பெயரில் வழங்கும் பழைய கிண்டல். துறையில் எல்லோருக்கும் இது தெரியும், திட்டம் எழுதும்போது மட்டும் ஞாபகம் வராது.

புள்ளியியல் நிபுணரிடம் கடைசியில் போவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனை முடிந்தபிறகு வந்தால் பிரேதப் பரிசோதனைதான் செய்ய முடியும் என்று புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1938-லேயே கல்கத்தா மாநாட்டில் சொல்லிவிட்டார்.

சம்மதம் கேட்க முடியாத ஆய்வைத் தனியாகத் தொடங்குவது

இதயம் நின்றுபோனவரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்க முடியாது. அதற்காகவே 1996-ல் அமெரிக்காவில் ஒரு விதிவிலக்கு வந்தது. நோயாளி உயிராபத்தில் இருக்க வேண்டும், இருக்கிற சிகிச்சை போதாததாகவோ நிரூபிக்கப்படாததாகவோ இருக்க வேண்டும், ஆய்வால் அவருக்கே பலன் கிடைக்க வாய்ப்பு இருக்க வேண்டும். இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. எல்லாம் பொருந்தினால் முன்கூட்டிய சம்மதம் இல்லாமல் சேர்க்கலாம். ஆனால் ஆய்வு நடக்கப்போகும் பகுதி மக்களோடு முன்பே கலந்து பேச வேண்டும், ஆய்வு பற்றிப் பொதுவில் அறிவிக்க வேண்டும். ராம்பார்ட் இந்த வழியில்தான் நடந்தது.

ஆர்வக் கோளாறில் ஃபெல்லோ தானே இப்படி ஒன்றைத் தொடங்கினால், கூட்டம் போடுவதிலும் அனுமதி வாங்குவதிலும் இரண்டு வருடமும் கரைந்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய வலையமைப்பு ஒன்றில் சேர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். பெரியவர்களுக்கான அவசர ஆய்வுகளுக்கு சைரன் என்ற வலையமைப்பு, குழந்தைகளுக்கு பிகார்ன். பிகார்ன் 2009-ல் வெளியிட்ட தலைக்காய ஆய்வில் 42,412 குழந்தைகள். ஒரு மருத்துவமனை தனியாகச் சேர்க்கிற எண்ணிக்கையா அது? அந்தத் தரவை வைத்து உங்கள் சொந்தக் கேள்வி ஒன்றுக்கு விடை தேடலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வித்தியாசம் இல்லை என்று வந்தால் ஒளித்துவைப்பது

டெட்ராய்ட்டில் ஒரே மருத்துவமனையில் 263 பேரை வைத்து நடந்து 2001-ல் வெளியான செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) ஆய்வு, முதல் ஆறு மணி நேரம் கடும் வரையறைகளோடு சிகிச்சை செய்தால் இறப்பு வெகுவாகக் குறைகிறது என்றது. உலகமே அந்த முறைக்கு மாறியது. 31 எமர்ஜென்சி பிரிவுகளில் 1,341 பேரை வைத்து நடந்து 2014-ல் வெளியான பிராசெஸ் ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இடைப்பட்ட காலத்தில் சாதாரண சிகிச்சையே மேம்பட்டுவிட்டதும் ஒரு காரணம். 'வித்தியாசம் இல்லை' என்ற அந்த முடிவால்தான், எல்லா செப்சிஸ் நோயாளிக்கும் கழுத்து நரம்பில் விசேஷக் குழாய் போட்டு ஆக்சிஜன் அளக்கும் கட்டாயம் தளர்ந்தது. உங்கள் ஆய்வு அத்தனை பெரிதாக இல்லாமல் இருக்கலாம். அதற்காக டிராயரில் போட்டுவைத்தால் சேர்ந்த நோயாளிகள் கொடுத்த நேரமும் வீண்தான்.

கிரான்ட்டும் விசாவும்

ஃபெல்லோஷிப்புக்கு அடுத்த படி பெரும்பாலும் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் தரும் கே23 போன்ற நிதி. ஐந்து வருடம் வரை வரும், உழைப்பில் குறைந்தது 75 சதவீதம் ஆராய்ச்சிக்கு என்பது நிபந்தனை. இரண்டாம் வருடம் முடியும்போது எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பது ரொம்ப சாதாரணமான தப்புக் கணக்கு. வழக்கமான சுற்றில் அக்டோபர் 12-க்குள் அனுப்பினால் பணம் வருவது மிகச் சீக்கிரம் என்றாலும் அடுத்த ஜூலை. ஃபெல்லோஷிப் ஜூனில் முடிகிறது. முதல் தடவையே கிடைத்தால்தான் இந்தக் கணக்கு சரியாகும், முதல் தடவை கிடைக்காமல் போவது சகஜம். எனவே முதல் வருடத்துக்குள்ளேயே ஒரு வரைவு கையில் இருக்க வேண்டும். முதுகலை வகுப்பின் வீட்டுப்பாடங்களையே அந்த வரைவின் பகுதிகளாக எழுதிவிடுகிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இனி நம்மூர்க்காரர்கள் சிக்குகிற இடம். கே23-க்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஃபெல்லோஷிப்புக்கே சம்பளம் கொடுக்கும் டி32, கே12 நிதிகளுக்கும் அப்படித்தான். இதை ஒன்றரை வருடம் கழித்துத் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. ஜே-1 என்ற பயிற்சி விசாவில் ரெசிடென்சி செய்தவர் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். கான்ராட் 30 என்ற விலக்குத் திட்டத்தின் வழியில் வாங்கினால் டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் முழுநேரம் நோயாளி பார்க்க வேண்டும், அதற்கு நடுவில் ஆராய்ச்சிக்கு நேரம் எங்கே? என்ஐஎச் நிதியில் கே99 என்ற வகைக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. அமெரிக்க இதயச் சங்கமும் சில விசாக்காரர்களின் விண்ணப்பத்தை ஏற்கிறது. ஆகவே நேர்காணலுக்குப் போகும் முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். அந்த இடத்தில் இதற்கு முன் விசாவில் இருந்த ஃபெல்லோவுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்றும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.