பச்சைப்பிள்ளை நெஞ்சில் கோட்டைவிடும் இடங்கள்

போன வாரம் ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்), பிறந்த பிள்ளையைச் சுற்றியிருந்த துண்டை விலக்காமலே ஸ்டெதஸ்கோப்பை உள்ளே நுழைத்துக் கேட்டுவிட்டு ‘நார்மல்’ என்று எழுதினார். அம்பாசமுத்திரம் பக்கம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான். பச்சைப்பிள்ளை நெஞ்சைச் சோதிக்கும்போது நாம் கோட்டைவிடுவதை மட்டும் சொல்கிறேன்; கை கழுவுவதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

வயிற்றைப் பார்க்காமல் விடுவது

இன்றும் என்மேல் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். இரவு டூட்டி. நிறைமாதப் பிள்ளை, கொஞ்சம் மூச்சு வாங்கியது. பக்கத்தில் நின்ற ஆச்சி, “என்னய்யா, பிள்ளைக்கு வயிறே இல்ல, ஒட்டிப்போய்க் கெடக்கு” என்றார். “இன்னும் பால் குடிக்கலல்லா ஆச்சி” என்றேன். பெரிய மேதாவி! பால் குடிக்காத பிள்ளைக்கும் வயிறு லேசாக உருண்டுதான் இருக்கும். குழிந்து கிடந்தால், அங்கே இருக்க வேண்டியது வேறெங்கோ ஏறிவிட்டது.

இதயத்துடிப்பு வலப்பக்கம் ஓங்கிக் கேட்டது. ஸ்டெதஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் பிள்ளை நீலம் பாரித்தது. முகமூடி வைத்துக் கையால் காற்றை அழுத்தும் ஆம்பு பேக்கை எடுத்தேன். அழுத்த அழுத்த நிறம் இன்னும் மோசமானது. எக்ஸ்ரேயில் இடப்பக்க நெஞ்சு முழுக்கக் குடல். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் பிறவி ஓட்டை. சுமார் 3000 பிரசவத்துக்கு ஒன்று, பெரும்பாலும் இடப்பக்கம். முகமூடி வழியே நான் அழுத்திய காற்று இரைப்பைக்கும் குடலுக்கும் போய், நெஞ்சுக்குள் அவை உப்பி, ஏற்கெனவே சிறுத்திருந்த நுரையீரலை நெருக்கியிருக்கிறது. அந்தப் பிள்ளை விடியுமுன் போய்விட்டது.

சந்தேகம் வந்தால் முகமூடி வேண்டாம். மூச்சுக்குழாயில் நேரடியாகக் குழாய். வாய் வழியே இரைப்பைக்கு இன்னொன்று போட்டுக் காற்றை உறிஞ்சுங்கள். குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு உடனே சொல்லுங்கள். கர்ப்பகால ஸ்கேனில் தெரிந்திருக்குமே என்பீர்கள். எல்லாப் பிள்ளைக்கும் தெரிவதில்லை.

பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்குவது

பச்சைப்பிள்ளை விட்டுவிட்டு மூச்சு விடும். முழு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் மறுபடி எண்ணுங்கள்.

முன்பக்கம் மட்டும் கேட்பது

கையகல நெஞ்சு, ஒரு பக்கச் சத்தம் மறுபக்கமும் கேட்கும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தாலும் ஏமாந்துபோவோம். இரண்டு அக்குளிலும் மாறி மாறிக் கேளுங்கள். சரி, அப்படியும் குழப்பமா? அறையை இருட்டாக்கி, சூடேறாத விளக்கை நெஞ்சில் ஒட்டி வையுங்கள். காற்று நின்ற பக்கம் பளிச்சென்று ஒளிரும்.

துணியோடு பார்ப்பது

அவிழ்த்துவிடுங்கள். பிள்ளைக்குச் சூடு தரும் வார்மருக்குக் கீழே வைத்து.

கையை மறப்பது

ஒரு பக்க முலைக்காம்பு மேலேறி, மார்புத் தசை தட்டையாக இருந்தால் அதே பக்க விரல்களையும் பாருங்கள். ஒட்டியோ குட்டையாகவோ இருக்கலாம். போலந்து சிண்ட்ரோம் என்று இந்தப் பிறவிக் குறைக்குப் பெயர். பெரும்பாலும் அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் குளிப்பாட்டும்போது ஆச்சி கண்டுபிடித்து வந்து கேட்கும் வரை விட்டுவிடாதீர்கள்.