அதியமான் சந்தையில் தக்காளி வேண்டாம்: சிறுவர் வாழ்க்கை வரலாற்றுப் படப் புத்தகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெரியவர்களைப் பற்றிச் சிறுவர்களுக்குப் படத்தோடு ஒரு புத்தகம் போட வேண்டும் என்று ஆசைப்படும் ஆசிரியர்கள், நூலக ஆர்வலர்கள், ஓவியர்களுக்காக இதை எழுதுகிறேன். அதியமான், ஔவையார், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, ராஜாஜி என நான்கு பேரை எடுத்தாலே நான்கு அருமையான புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறவர்கள்கூடப் படத்தை அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எழுத்தில் உறுதியாகத் தெரியாத இடத்தில் ‘இருந்திருக்கலாம்’ என்று போடலாம். படத்தில் அதைப் போட வழியில்லை. வரைந்தது அப்படியே உண்மையாகப் பிள்ளையின் மனதில் உட்கார்ந்துவிடும்.

ஔவையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கூன் விழுந்த முதுகு, நரைத்த தலை, கையில் கோல், எதிரே நெல்லிக்கனி நீட்டும் அதியமான். இதுதான் எல்லா ஊரிலும் வரையப்படும் படம். ஆத்திசூடி பாடிய ஔவையார் சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். அவரைப் பற்றி நாம் வைத்திருக்கும் பாட்டி உருவத்தை, அதியமானின் நண்பரான, அதே பெயருள்ள சங்கப் புலவர் மேல் ஏற்றிவிடுகிறோம். புறநானூறு 89-ஆம் பாட்டில் ஒரு வேந்தன் அவரை ‘மடவரல், உண்கண், வாணுதல், விறலி’ என்று அழைத்து, உங்கள் நாட்டில் போரிடக்கூடியவர்களும் இருக்கிறார்களா என்று கேட்கிறான். மை தீட்டிய கண், ஒளிவிடும் நெற்றி, ஆடிப் பாடும் பெண். இங்கே பாட்டி எங்கே இருக்கிறார்? ஓவியர் இந்தப் பாட்டை ஒருமுறை படித்துவிட்டால் போதும், படமே வேறாக வரும்.

நெல்லிக்கனியோடு கதையை முடித்துவிடுவதும் ஒரு தவறுதான். அந்தக் கனி 91-ஆம் பாட்டில் வருகிறது, சரி. ஆனால் 95-ஆம் பாட்டு, படப் புத்தகத்துக்கென்றே பாடியது போல இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமானின் படைக்கலங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பளபளப்பாக நிற்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். எதிரெதிர் பக்கத்தில் இரண்டு படம், கீழே ஒரே ஒரு வரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூடத் தானாகவே சிரித்துப் புரிந்துகொள்ளும்.

அதியமானின் முகம் எப்படி இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. முறுக்கு மீசையும் தங்கக் கிரீடமும் பிற்காலக் கற்பனை. வரையத்தான் வேண்டும், வரையுங்கள். ஆனால் அதே பக்கத்தில் ‘இது ஓவியரின் கற்பனை’ என்று பிள்ளை படிக்கும் அளவு எழுத்தில் போடுங்கள். கூடவே திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டின் படத்தையும் சேருங்கள். ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்று, அதாவது அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை உறைவிடம் என்று, அவன் பெயர் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. எது சான்று, எது கற்பனை என்று ஒரே பக்கத்தில் அருகருகே வைத்துக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

அப்புறம் பின்னணி. அதியமானின் ஊரான தகடூரின் (இன்றைய தர்மபுரி) சந்தையை வரையச் சொன்னால் பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தை நினைவில் தக்காளிக் கூடையை வைத்துவிடத் தோன்றும். தக்காளி, மிளகாய், மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுக்கீசியர் 1498-இல் வந்த பிறகுதான் நம் மண்ணுக்கு வந்தன. கரும்பு வரையலாம். கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூறு 99 சொல்கிறது.

சுப்பிரமணிய சிவா விஷயத்தில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அவருடைய தொழுநோயை மறைத்துவிடுகிறார்கள். 1908-இல் வ.உ.சி.யோடு கைதாகிச் சிறையில் வதைபட்டபோது வந்த நோய் அது. அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவிடாமல் தடுத்ததால்தான் அவர் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போனார். நோயை நீக்கிவிட்டால் அந்த நடைக்குக் காரணமே இல்லாமல் போகிறது. அவரை முதியவராக வரைவதும் தவறு. 1923-இல் பாப்பாரப்பட்டியில் பாரத மாதா கோவிலுக்குச் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டியபோது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை. 1925-இல் அதே ஊரில் இறந்தபோது வயது 40. அவர் வாயில் நாமாக வீர வசனம் எழுதி மேற்கோள் குறி போடவும் வேண்டாம்.

ராஜாஜி 1878-இல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். அப்போது அது சேலம் மாவட்டம். தர்மபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும்தான் தனி மாவட்டங்கள் ஆயின. எனவே இன்றைய வரைபடத்தை மட்டும் போட்டால் குழப்பம் வரும். 1937-இல் அவர் முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார் என்று படிக்கிற பிள்ளை, அதில் தன் ஊரும் அடக்கம் என்பதை எப்படித் தெரிந்துகொள்ளும்? பழைய எல்லையைப் புள்ளிக்கோட்டில் காட்டினால் முடிந்தது.

அவரைப் புகழ்ந்து மட்டுமே எழுதுவதும் சரியில்லை. 1953-இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1954-இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். ‘செருப்புத் தைப்பவர் பிள்ளை பாதி நாள் செருப்புத்தான் தைக்க வேண்டுமா?’ என்று அதுவே கேட்கும்.

மொழியில் ஒன்றே ஒன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நிறைய. ‘தன்னிகரற்ற தியாகச் செம்மல்’ போன்ற அடைமொழிகளில் அவர்கள் தடுக்கி நின்றுவிடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் அப்படி ஒரு வகுப்பில் ஒரு பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். திக்குகிற வரியை அங்கேயே பென்சிலால் அடித்துவிடலாம்.